டாக்டர் வந்துவிடுவார், தங்குவாரா?

கிராமத்து ஆஸ்பத்திரிகளில் ஆள் பற்றாக்குறை என்ற பேச்சு எழும்போதெல்லாம் காலிப்பணியிடப் பட்டியலைத்தான் முதலில் தூக்குகிறார்கள். அந்தப் பட்டியலை நம்பி எதையும் முடிவு செய்ய முடியாது. ‘நிரப்பப்பட்டது’ என்று எழுதியிருக்கும் இடத்தின் டாக்டர் டெபுடேஷனில், அதாவது தற்காலிக மாற்றுப் பணியில், மாவட்டத் தலைநகரில் இருப்பார். நர்ஸ் மகப்பேறு விடுப்பில் இருப்பார். லேப் டெக்னீஷியன் வாரத்தில் மூன்று நாள் இன்னொரு நிலையத்தையும் சேர்த்துப் பார்த்துக்கொண்டிருப்பார். பட்டியலைப் பொறுத்தவரை மூன்று இடமும் நிரம்பியவை. பிரசவ வலியோடு இரவு பதினொரு மணிக்கு வருகிறவளுக்கு மூன்றும் காலி.

உண்மை நிலவரம் தெரிய வேண்டுமென்றால் கடந்த முப்பது நாளின் டியூட்டி ரோஸ்டரையும் வருகைப் பதிவேட்டையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்து, எத்தனை இரவு யார் இருந்தார் என்று எண்ண வேண்டும். அரை மணி நேர வேலைதான். எந்த ஊரில் அடுத்து ஆள் கிளம்பப் போகிறார் என்பதையும் அதே தாள் சொல்லிவிடும். ஒரே பெயர் தொடர்ந்து பத்து இரவு, பன்னிரண்டு இரவு வந்திருந்தால் அவர்தான்.

ஜவ்வாது மலையில் ஜமுனாமரத்தூர், கல்வராயனில் வெள்ளிமலை, எழுபது கொண்டை ஊசி வளைவு ஏற வேண்டிய கொல்லிமலை, ஈரோடு மாவட்டத்தின் பர்கூர், தாளவாடி. இந்த ஊர்களுக்கு யாரும் போவதே இல்லை என்பது தவறான பேச்சு. போகிறார்கள். ஓராண்டில், இரண்டாண்டில் திரும்பிவிடுகிறார்கள். அடுத்தவர் வருகிறார், அவரும் திரும்புகிறார். சம்பளம் போதவில்லை, வசதி இல்லை, சேவை மனப்பான்மை குறைந்துவிட்டது என்று காரணம் சொல்வார்கள். சம்பளமும் வசதியும் முக்கியம்தான். ஆனால் எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது, ஒரு ஆளைத் தனியாக நிறுத்திவைக்கும் வழக்கம். பணியிடத்தை உருவாக்கும் கட்டத்திலேயே இந்தத் தவறு நடந்துவிடுகிறது. பிறகு எத்தனை சலுகை கொடுத்தாலும் ஒட்டுவதில்லை.

இதைக் கணக்குப் போட்டே காட்டலாம். இருபத்து நான்கு மணி நேரமும் பிரசவம் பார்க்கும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத் தமிழ்நாட்டில் மூன்று நர்ஸ் என்று வகுத்தார்கள். காலை, மதியம், இரவு என மூன்று ஷிப்ட், மூன்று ஆள். காகிதத்தில் பொருந்திவிடும். ஆண்டுக்கு 365 நாள், நாளுக்கு 3 ஷிப்ட், மொத்தம் 1,095. ஒரு நர்ஸுக்கு வார ஓய்வு 52, தற்செயல் விடுப்பு 12, ஈட்டிய விடுப்பு 30, அரசு விடுமுறைக்கு ஈடாக ஏறக்குறைய 20 நாள் கழித்தால் மிச்சம் 251. மூன்று பேருக்கும் சேர்த்து 753. அப்படியானால் ஆண்டுக்கு 342 ஷிப்டுக்கு ஆளே இல்லை. அந்த 342-ஐயும் அதே மூன்று பேர்தான் தங்கள் வார ஓய்வை விட்டுக்கொடுத்து, ஒரே மூச்சில் இரண்டு ஷிப்ட் பார்த்து அடைக்கிறார்கள். ஒரு ஷிப்டுக்கு ஒரே ஒரு நர்ஸ் போதும் என்று வைத்தாலும் 1,095-ஐ 251-ஆல் வகுத்தால் 4.36. அதாவது ஐந்து பேர் வேண்டும்.

இதில் மகப்பேறு விடுப்பைச் சேர்க்கவே இல்லை. 2021 முதல் தமிழக அரசு ஊழியருக்கு அது 12 மாதம். நல்ல முடிவு, எந்தக் குறையும் சொல்வதற்கில்லை. ஆனால் நர்ஸ்களில் பெரும்பாலோர் இருபது முப்பது வயதுப் பெண்கள் என்று தெரிந்த பிறகும் விடுப்புக்கு மாற்று ஆள் ஒதுக்காமல் விட்டால், ஒருவர் பிள்ளை பெறப் போகும் ஆண்டு முழுக்க மற்ற இருவர் நாளுக்குப் பன்னிரண்டு மணி நேரம் நிற்க வேண்டியதுதான். அந்த ஆண்டின் முடிவில் மூவருமே மாறுதலுக்கு மனுப் போட்டிருப்பார்கள். வட்டாரத்துக்கு இரண்டு பேரை விடுப்பு மாற்றாக, எந்த ஒரு நிலையத்துக்கும் சொந்தமில்லாமல் வைத்திருப்பதுதான் இதற்கு வழி. அப்படி வைத்த இரண்டு பேரையும் மூன்றே மாதத்தில் யாராவது ஒரு காலியிடத்தில் நிரந்தரமாகச் செருகிவிடுவார்கள் என்பது தெரிந்த கதை. ஆகவே அவர்களின் நியமன ஆணையிலேயே ‘விடுப்பு மாற்று’ என்று எழுத்தில் இருக்க வேண்டும்.

டாக்டர் கணக்கும் இதே மாதிரிதான். இரண்டு டாக்டர் உள்ள நிலையத்தில் ஒருவருக்கு மாதம் பதினைந்து இரவு, கூப்பிட்டால் வர வேண்டிய ஆன்-கால் டியூட்டி. ஒருவர் விடுப்பில் போனால் முப்பதும் அவருக்கே. நான்கு பேர் இருந்தால் ஆளுக்கு ஏழு எட்டு, ஒருவர் இல்லாத மாதம் பத்து. பத்து வரை மனிதர்கள் தாங்குகிறார்கள். பதினைந்தைத் தாண்டினால் தூக்கம் போகிறது, பிறகு பொறுமை போகிறது, பிறகு ஆளே போய்விடுகிறார்.

ஒவ்வொரு சிற்றூர் நிலையத்துக்கும் நான்கு டாக்டர் கொடுக்க எந்த அரசாலும் முடியாது. அருகருகே உள்ள மூன்று நிலையங்களின் ஆறு டாக்டர்களைச் சேர்த்து ஒரே இரவுப் பட்டியல் போடலாம். பகலில் அவரவர் நிலையம், இரவில் வட்டார நிலையத்தில் மட்டும் ஒருவர். ஆளுக்கு மாதம் ஐந்து இரவு. இதில் வரும் சிக்கலையும் சொல்லிவிட வேண்டும். இரவில் டாக்டரை இழக்கும் இரண்டு ஊர்களும் கொதிக்கும். ‘எங்க ஊரு ஆஸ்பத்திரிய மூடப் பாக்குறீங்களா’ என்று கிராம சபையில் கேட்பார்கள், கேட்பதும் நியாயம். அந்த இரண்டு இடத்திலும் இரவு நர்ஸ் கட்டாயம் இருக்க வேண்டும். 108 வண்டி ஒன்று இரவில் அந்தப் பகுதிக்குள்ளேயே நிற்க வேண்டும். இந்த இரண்டையும் செய்து முடித்துவிட்டுத்தான் பட்டியலை மாற்ற வேண்டும். மலையில் மழைக்காலத்தில் பாதை அடைபடும் இடங்களுக்கு இந்த ஏற்பாடு ஒத்துவராது. அங்கே இரவு டாக்டர் அதே ஊரில்தான் இருந்தாக வேண்டும்.

ஜோடியாக அனுப்ப வேண்டிய வேலைகள்

சில திறமைகளுக்குத் தனி ஆளாக மதிப்பே கிடையாது. சிசேரியன் அதற்கு நல்ல உதாரணம். மகப்பேறு மருத்துவர் இருக்கிறார், மயக்க மருத்துவர் இல்லை. அறுவை மேசை இருக்கிறது, மயக்க மருந்து செலுத்தும் பாயில்ஸ் மெஷின் பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் நிற்கிறது, ரத்தம் இல்லை. இப்படி ஒரு தாலுகா ஆஸ்பத்திரியில் போஸ்டிங் வாங்கிய மகப்பேறு மருத்துவர் பகல் முழுக்கப் புறநோயாளி பார்த்து, சிக்கலான பிரசவங்களை எல்லாம் மாவட்ட ஆஸ்பத்திரிக்குச் சீட்டெழுதி அனுப்பிக்கொண்டிருப்பார். ஆறு மாதம் கத்தி எடுக்காத அறுவை மருத்துவருக்குக் கை மீது சந்தேகம் வந்துவிடும். அதற்குப் பயந்தே நல்லவர்கள் முதலில் கிளம்புகிறார்கள். சோம்பேறி இருந்துவிடுவார், திறமைசாலி போய்விடுவார் என்பதுதான் இதில் நெஞ்சை அறுக்கும் விஷயம்.

மயக்க மருத்துவர் தட்டுப்பாட்டுக்காக எம்.பி.பி.எஸ். டாக்டருக்கு 18 வார உயிர்காக்கும் மயக்கவியல் பயிற்சி என்று நாடு முழுவதும் ஒரு திட்டம் கொண்டுவந்தார்கள். அவசர சிசேரியனுக்கு முதுகுத்தண்டில் மயக்க ஊசி போடும் அளவுக்குத் தயார் செய்வது நோக்கம். நோக்கத்தில் பழுதில்லை. பயிற்சி முடித்தவர் திரும்பிப் போனது பல இடங்களில் அறுவை அரங்கே இல்லாத நிலையத்துக்கு. கற்றது ஓராண்டில் மறந்தது. பயிற்சிக்கு அனுப்பும் உத்தரவிலேயே அவர் திரும்பும் ஆஸ்பத்திரி எது, அங்கே அறுவை செய்யும் மருத்துவர் யார் என்று எழுதியிருக்க வேண்டும். இருவரையும் ஒரே ஆணையில் போஸ்டிங் போட வேண்டும். ஒருவரை மாற்றினால் மற்றவரின் நிலையையும் அதே ஆணை சொல்ல வேண்டும்.

அந்த ஜோடியோடு ரத்தமும் வர வேண்டும். முழு ரத்த வங்கி தேவையில்லை. ஆண்டுக்கு 2,000 யூனிட்டுக்குக் குறைவாகப் பயன்படுத்தும் ஆஸ்பத்திரிகளுக்குத் தனி உரிமம் இல்லாமலேயே ரத்தச் சேமிப்பு மையம் அனுமதிக்கப்படுகிறது. ரத்தம் அனுப்பும் பெரிய ரத்த வங்கியோடு ஒப்பந்தம், 2 முதல் 6 டிகிரிக்குள் நிற்கும் ரத்தக் குளிர்பெட்டி, நோயாளிக்கு அந்த ரத்தம் பொருந்துமா என்று இரவில் கிராஸ் மேட்ச் செய்யத் தெரிந்த டெக்னீஷியன். மூன்றில் மூன்றாவதுதான் எப்போதும் விடுபடும். குளிர்பெட்டியை வாங்கிவிட்டு டெக்னீஷியனை மாலை ஐந்து மணிக்கு வீட்டுக்கு அனுப்பும் மையங்கள் பகலில் மட்டுமே சேமிப்பு மையங்கள். தமிழ்நாட்டின் சீமாங் (தாய்-சேய் அவசர சிகிச்சை) மையங்கள் ஓடுகிற இடத்தில் ஓடுவதற்குக் காரணம், மகப்பேறு, மயக்கம், குழந்தை மருத்துவம், ரத்தம் நான்கையும் ஒரே கூரைக்கு அடியில் ஒரு தொகுப்பாகப் பார்த்ததுதான்.

தருமபுரி மாவட்டம் சித்தேரி, கல்வராயன் மலைகளுக்கு நடுவே சிட்டிலிங்கிப் பள்ளத்தாக்கில் 1993-ல் டாக்டர் ரெஜி ஜார்ஜும் டாக்டர் லலிதா ரெஜியும் ஒரு குடிசையில் ஆஸ்பத்திரி ஆரம்பித்தார்கள். அவர்களின் அர்ப்பணிப்பைப் பற்றி நிறைய எழுதியாகிவிட்டது, அத்தனையும் தகும். ஆனால் பலரும் கவனிக்காத ஒன்று உண்டு: ஒருவர் மயக்க மருத்துவர், மற்றவர் மகப்பேறு மருத்துவர். அறுவைக்கு வேண்டிய ஜோடி முதல் நாளே அங்கே இருந்தது. எந்த இரவிலும் ஒருவர் இன்னொருவருக்காகக் காத்திருக்க வேண்டியிருக்கவில்லை.

கைப்பழக்கம் மங்குவது நர்ஸுக்கும் உண்டு. மாதம் ஆறு பிரசவம் நடக்கும் நிலையத்தில் மூன்று நர்ஸ் என்றால் ஆளுக்கு இரண்டு. இரண்டு பிரசவத்தில் கை பழகாது. கை பழகாதவர் பயப்படுவார், பயப்படுபவர் எல்லாரையும் மேலே அனுப்புவார், ஊர்க்காரர்கள் ‘எப்படியும் அனுப்பத்தானே போறாங்க’ என்று நேராக டவுனுக்கே போவார்கள், ஆறு பிரசவம் மூன்றாகும். ஆண்டுக்கு இரண்டு முறை, ஒவ்வொரு முறையும் இரண்டு வாரம், பிரசவ எண்ணிக்கை அதிகமுள்ள ஆஸ்பத்திரியின் லேபர் வார்டில் இவர்களை நிறுத்தினால் போதும். நடைமுறையில் தடுப்பது எது தெரியுமா? ஆரம்ப சுகாதார நிலையம் பொது சுகாதார இயக்ககத்தின் (டி.பி.எச்.) கீழ், தாலுகா ஆஸ்பத்திரி மருத்துவப் பணிகள் இயக்ககத்தின் (டி.எம்.எஸ்.) கீழ், மருத்துவக் கல்லூரி மருத்துவக் கல்வி இயக்ககத்தின் (டி.எம்.இ.) கீழ். ஒரு நர்ஸை இரண்டு வாரம் பக்கத்து ஆஸ்பத்திரிக்கு அனுப்ப இரண்டு இயக்ககத்தின் கையெழுத்து வேண்டும். மாவட்ட ஆட்சியர் முன்னிலையில் ஆண்டின் தொடக்கத்திலேயே மொத்தப் பட்டியலுக்கும் ஒரே தடவையில் ஒப்புதல் வாங்கிவிட்டால் அந்த அலைச்சல் மிச்சம்.

வீடு, சம்பளம், முதல் மூன்று மாதம்

புதிதாக வந்தவர் முதல் மூன்று மாதத்தில் போய்விட்டால் காரணம் பெரும்பாலும் வீடு.

மலையூர் குவார்ட்டர்ஸ் எப்படி இருக்கும் என்று போய்ப் பார்க்காத அதிகாரிகளுக்காக இதை எழுதுகிறேன். இரண்டு ஆண்டு பூட்டிக் கிடந்த வீடு. கதவு நிலையில் கரையான் மண் கோடு. கூரைத் தளத்தில் நீர் தேங்கி, படுக்கையறைச் சுவரில் ஆள் உயரத்துக்கு ஈரம். மோட்டார் ஓடும், தண்ணீர் ஏறாது, ஏனென்றால் மேல்தொட்டியின் குழாய் அடியில் உடைந்திருக்கிறது. ஜன்னலுக்கு வலை இல்லை. சமையலறைக் கழிவுநீர்க் குழாயின் வாய் திறந்தே இருப்பதால் அந்த வழியாகப் பாம்பு வரும். வீட்டிலிருந்து லேபர் ரூம் வரை எண்பது தப்படி, நடுவில் ஒரு விளக்கு இல்லை. அந்த எண்பது தப்படியை இரவு இரண்டு மணிக்கு ஒரு இளம் பெண் டாக்டர் செல்போன் வெளிச்சத்தில் நடக்க வேண்டும்.

இவற்றில் எதுவும் கோடிக்கணக்கான செலவு வைக்கும் வேலை இல்லை. ஆள் வருவதற்கு மூன்று வாரம் முன்பே செய்துவிட வேண்டும் என்பதுதான் விஷயம். தளத்துக்கு நீர்த்தடுப்புப் பூச்சு, 1,000 லிட்டர் தொட்டி, எல்லா ஜன்னலுக்கும் வலை, கழிவுக் குழாய் வாய்களுக்குக் கம்பி வலை மூடி, பாதையில் சூரிய விளக்கு நான்கு. மின்வெட்டுக்கு 150 ஆம்பியர்-ஹவர் பேட்டரியோடு ஒரு இன்வர்ட்டர். அந்த பேட்டரியிலிருந்து நம்பி எடுக்கக்கூடியது சுமார் 1,400 வாட்-ஹவர். பழைய மாதிரி மின்விசிறி மூன்று, எல்.இ.டி. விளக்கு ஆறு, இணைய ரவுட்டர் ஒன்று என்றால் 280 வாட் வரை இழுக்கும், ஐந்து மணி நேரம் ஓடும். விசிறியை மட்டும் குறைந்த மின்சாரத்தில் ஓடும் பி.எல்.டி.சி. வகைக்கு மாற்றினால் மொத்தம் 160 வாட்டுக்கு இறங்கிவிடும், எட்டு மணி நேரத்துக்கு மேல் தாங்கும். மலையில் இரவு மின்சாரம் போனால் காலையில்தான் வரும் என்பதால் அந்த மூன்று மணி நேரம் பெரிய வித்தியாசம்.

வீட்டைப் பற்றிய இன்னொரு சங்கதி, சம்பளத்தோடு பிணைந்தது. வீட்டு வாடகைப்படி ஊரின் வகைப்படி மாறும். சென்னையில் அதிகம், சிற்றூரில் மிகக் குறைவு. குவார்ட்டர்ஸ் ஒதுக்கினால் அந்தக் குறைந்த படியும் நின்றுவிடும். ஆக, அதே பதவி, அதே படிப்பு, கிராமத்துக்கு வந்ததால் கையில் வாங்குவது குறைவு. மலைப்படி என்று ஒன்று உண்டு, இந்த இழப்புக்கு அது ஈடாகாது. ஒழுகும் வீட்டுக்காக வாடகைப்படியை இழக்க யாருக்கும் மனம் வராது. அதனால் முப்பது கிலோமீட்டர் தள்ளி டவுனில் வீடெடுத்து, காலையில் வந்து மாலையில் போகிறார்கள். இரவு டாக்டர் இல்லாமல் போவதன் வேர் இங்கேயும் இருக்கிறது. கடினப் பகுதி என்று அரசு அறிவித்த ஊர்களிலாவது குவார்ட்டர்ஸில் தங்குபவருக்கு வாடகைப்படியை நிறுத்தாமல் விட வேண்டும். செலவு சொற்பம், பலன் அதே மாதத்தில் தெரியும்.

மாறுதலில் வந்தவருக்கு முதல் சம்பளம் தாமதமாவதும் நெடுநாள் வியாதி. பழைய அலுவலகத்திலிருந்து எல்.பி.சி. என்ற கடைசிச் சம்பளச் சான்று வர வேண்டும், அரசின் சம்பளக் கணக்குக்கான களஞ்சியம் மென்பொருளில் அவர் பெயர் புதிய அலுவலகத்துக்கு மாற வேண்டும். யாரும் பின்தொடராவிட்டால் இரண்டு மூன்று மாதம் சம்பளமில்லாமல் போகும். புது ஊரில் மளிகைக் கடைக்காரரிடம் கடன் சொல்லும் நிலையில் ஒரு டாக்டரை வைத்துவிட்டு, பிறகு அவரிடம் ஊர்ப்பற்றை எதிர்பார்க்கக் கூடாது. வட்டார அலுவலகத்தின் இளநிலை உதவியாளர் ஒருவருக்கு இதை எழுத்தில் பொறுப்பாக்கி, பணியில் சேர்ந்த பத்தாம் நாளுக்குள் எல்.பி.சி. வந்ததா என்று வட்டார மருத்துவ அலுவலர் கேட்டால் போதும்.

ஒப்பந்தப் பணியில் தங்கவைக்க நினைப்பது வீண். 2015-ல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் தேர்வெழுதி வந்த நர்ஸ்கள் மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியத்தில் அமர்த்தப்பட்டார்கள். இரண்டு ஆண்டில் நிரந்தரம் என்ற எதிர்பார்ப்பு. அது நடக்காமல் 2017 நவம்பரில் ஆயிரக்கணக்கானோர் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் உட்கார்ந்தார்கள். அடுத்த ஆண்டு வேலை எப்படி இருக்கும் என்று தெரியாத பெண் ஒரு மலையூரில் வேர்விட மாட்டார். தொகையைவிட நிச்சயமின்மைதான் அதிகம் துரத்துகிறது.

தமிழ்நாடு சரியாகச் செய்த ஒன்றையும் சொல்ல வேண்டும். 1994-ல் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மருந்து கொள்முதலை ஒரே கைக்குள் கொண்டுவந்து, ஒவ்வொரு ஆஸ்பத்திரிக்கும் பாஸ்புக் கொடுத்து, இருப்புக்கு ஏற்ப எடுத்துக்கொள்ளும் முறையை உண்டாக்கியது. டாக்டர் எழுதிய மருந்து அங்கேயே கிடைக்கிறது. பல மாநிலங்களின் கிராமத்து டாக்டர்களுக்கு இது கனவு. மருந்தில்லாத நிலையத்தில் உட்கார்ந்து வெறும் சீட்டு எழுதுவதுபோல் படித்தவரை நோகடிப்பது வேறில்லை.

யாரை எடுப்பது, எப்படி வளர்ப்பது

நேர்முகத் தேர்வில் ‘சேவை செய்ய ஆர்வமா’ என்று கேட்டால் எல்லோரும் ஆமாம் என்பார்கள். பன்னிரண்டாம் வகுப்பு வரை எங்கே படித்தீர்கள், அப்பா அம்மா எந்த ஊரில் இருக்கிறார்கள், கணவருக்கோ மனைவிக்கோ என்ன வேலை, பிள்ளைக்கு என்ன வயது என்ற நான்கு கேள்விகள் போதும். கிராமத்தில் வளர்ந்தவர் கிராமத்தில் தங்கும் வாய்ப்பு அதிகம் என்பது உலகம் முழுக்க ஆய்வுகளில் திரும்பத் திரும்பத் தெரிந்த ஒன்று. உலக சுகாதார நிறுவனம் 2010-லும் பிறகு 2021-லும் வெளியிட்ட வழிகாட்டிகள் இதைத்தான் முன்னே வைத்தன.

ஜப்பானில் 1972-ல் தொடங்கிய ஜிச்சி மருத்துவப் பல்கலைக்கழகம் இதையே முழு அமைப்பாக்கியது. 47 மாகாணங்களும் தங்கள் பிள்ளைகளில் ஆண்டுக்கு இரண்டு மூன்று பேரைத் தேர்ந்து அனுப்பும். படிப்புச் செலவு மாணவருக்கு இல்லை. பதிலுக்குச் சொந்த மாகாணத்தில் ஒன்பது ஆண்டு பணி, அதில் ஒரு பகுதி ஒதுங்கிய ஊர்களில். ஒன்பது ஆண்டு முடிந்த பின்னும் அவர்களில் ஏறக்குறைய 70 சதவீதத்தினர் சொந்த மாகாணத்திலேயே இருந்தார்கள். ஒப்பந்தம் மட்டுமே இதைச் செய்திருக்க முடியாது. பிள்ளை தன் ஊரின் செலவில் படித்து, தன் ஊருக்குத் திரும்பினான்.

தமிழ்நாட்டில் 2020-ல் கொண்டுவந்த 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டை இந்தக் கண்ணோடு பார்க்க வேண்டும். ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவ இடம். சமூக நீதி என்ற அளவில் அதைப் பேசியிருக்கிறோம், கிராமத்து ஆஸ்பத்திரிக்கு ஆள் கிடைக்கும் ஊற்று என்று பேசவில்லை. எம்.பி.பி.எஸ். ஐந்தரை ஆண்டு என்று வைத்தால் அந்த முதல் அணி வெளியே வரும் காலம் இது. அவர்கள் எந்தெந்த ஒன்றியத்தைச் சேர்ந்தவர்கள் என்ற பட்டியல் அரசிடம் இருக்கிறது. சொந்த ஒன்றியத்திலேயே வேலை வேண்டுமா என்று அவர்களைத் தேடிப் போய்க் கேட்கலாம்.

சர்வீஸ் கோட்டாவைப் பற்றிப் பேசாமல் இந்த விஷயம் முடியாது. அரசுப் பணியில் இருக்கும் டாக்டர்களுக்கு மேற்படிப்பு இடங்களில் பாதி என்ற தமிழகத்தின் பழைய ஏற்பாட்டை இந்திய மருத்துவக் கவுன்சிலின் விதி ஒன்பது முடக்கியது. கடினப் பகுதியில் பணியாற்றும் ஒவ்வோர் ஆண்டுக்கும் 10 சதவீதம், அதிகபட்சம் 30 சதவீதம் ஊக்க மதிப்பெண் மட்டும் மிஞ்சியது. 2020 ஆகஸ்ட் 31 அன்று உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு, பணியில் உள்ளோருக்குத் தனி ஒதுக்கீடு தரும் அதிகாரம் மாநிலங்களுக்கு உண்டு என்று தீர்ப்பளித்தது. ஆளை இழுப்பதற்கு இந்தியாவில் இதைவிடப் பலமான கயிறு இன்னும் கண்டுபிடிக்கவில்லை. கோட்டாவைக் காப்பாற்றியது பெரிய வெற்றி.

ஆனால் அந்தக் கயிறு ஆளை வெளியேயும் இழுக்கிறது. மலையூரில் இரண்டு மூன்று ஆண்டு இருந்தவர் பி.ஜி. என்ற மேற்படிப்பை முடித்துவிட்டால் அவர் படிப்புக்குரிய பணியிடம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கிடையாது. தாலுகா ஆஸ்பத்திரிக்கோ மருத்துவக் கல்லூரிக்கோ போக வேண்டியதுதான். கிராமத்தில் இருந்துகொண்டே மேலேற ஒரு படி இல்லை. அதை உண்டாக்கக் கையில் இருக்கும் வழி குடும்ப மருத்துவம். அந்தத் துறையில் டி.என்.பி. என்ற மேற்படிப்பு உண்டு, தேசியத் தேர்வு வாரியத்தின் இரண்டாண்டு டிப்ளமோவும் உண்டு. வட்டார அளவில் குடும்ப மருத்துவ நிபுணர் என்று சிறப்பு ஊதியத்தோடு ஒரு பணியிடம் வகுத்தால், பி.ஜி. படித்துவிட்டு அதே மலைக்குத் திரும்ப ஒருவருக்குக் காரணம் கிடைக்கும்.

நர்ஸ் விஷயத்தில் கூடலூரும் சிட்டிலிங்கியும் வேறு பாதை காட்டின. நீலகிரி கூடலூரில் 1990 முதல் இயங்கும் அஸ்வினி என்ற சுகாதார அமைப்பு, பணியர், பெட்டக்குறும்பர், முள்ளுக்குறும்பர், காட்டுநாயக்கர் ஆகிய பழங்குடிச் சமூகங்களின் பெண்களையே சுகாதாரப் பணியாளர்களாகவும் நர்ஸ்களாகவும் பயிற்றுவித்தது. சிட்டிலிங்கியிலும் பள்ளத்தாக்கின் பெண்கள்தான் ஆஸ்பத்திரியின் தூண். நோயாளியின் பாட்டியை ‘ஆயா’ என்று உரிமையோடு அழைத்து, அவள் மொழியிலேயே மருந்தை விளக்கும் நர்ஸை எந்தத் தேர்வு வாரியமும் அனுப்ப முடியாது.

உள்ளூர்ப் பெண்களைப் பயிற்றுவிக்க நினைக்கும் மற்ற அமைப்புகளுக்கு ஒரு எச்சரிக்கை. ஆஸ்பத்திரிக்குள்ளேயே கற்றுக்கொடுத்து, நர்சிங் கவுன்சில் அங்கீகரிக்கும் சான்றிதழ் வாங்கிக்கொடுக்காமல் விட்டால் அந்தப் பெண் வேறெங்கும் வேலைக்குப் போக முடியாது. அதனால் இருபது ஆண்டு இருப்பாள். அதைத் தங்கவைத்த சாதனை என்று எழுதிக்கொள்வது அநியாயம். இரண்டாண்டு ஏ.என்.எம்., மூன்றாண்டு ஜி.என்.எம். என்ற நர்சிங் படிப்புகளுக்கு அவளை முறையாகப் படிக்க அனுப்ப வேண்டும், அந்தக் காலத்தில் வீட்டுக்கு உதவித்தொகை தர வேண்டும். சிலர் திரும்பாமல் டவுனிலேயே வேலை தேடிக்கொள்வார்கள். அந்த இழப்பையும் திட்டத்தில் கணக்கிட்டு, நான்கு நர்ஸ் வேண்டுமென்றால் ஆறு பேரை அனுப்புங்கள்.

குடும்பம் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். மூத்த பிள்ளைக்கு நான்கு வயதாகும்போது பள்ளிப் பேச்சு வரும், அப்போது ஒரு அலை கிளம்பும். படித்தவரின் துணைவரும் படித்தவராகவே இருப்பார், இரண்டு பேருக்கும் வேலை வேண்டும். தென்காசி அருகே மத்தளம்பாறையில் 2011 முதல் இருக்கும் ஜோஹோ அலுவலகம் அந்தப் பகுதிக்குச் செய்தது இதுதான்: மென்பொருள் படித்தவர் அங்கேயே வேலை பார்க்கலாம், பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவர் உதவித்தொகையோடு இரண்டாண்டு பயிற்சி பெறலாம். அப்படி ஒரு அலுவலகம் உள்ள வட்டாரத்துக்கு டாக்டரோ ஆசிரியரோ குடும்பத்தோடு வருவதும் எளிதாகிறது. எல்லா மலைக்கும் மென்பொருள் அலுவலகம் வராது. கவுன்சலிங்கில் கணவன் மனைவி முன்னுரிமையைத் துறை தாண்டியும் நடைமுறைப்படுத்தலாம். டாக்டரும் அரசுப் பள்ளி ஆசிரியையும் தம்பதியானால் இரண்டு துறையும் ஒருவரையொருவர் பார்த்து ஆணை போட வேண்டும்.

பாதுகாப்புக்கு 2008-ன் தமிழ்நாடு சட்டம் 48 இருக்கிறது, மருத்துவப் பணியாளரைத் தாக்கினால் அதன்படி வழக்கு. சட்டம் மறுநாள் காலையில்தான் உதவும். இரவில் உதவுவது வாட்ச்மேனும், பூட்டக்கூடிய டியூட்டி ரூமும், பத்து நிமிடத்தில் வரக்கூடிய காவல் நிலையத்தின் எண்ணும். வாட்ச்மேன் பணியிடத்தை மிச்சம் பிடித்துவிட்டு கேமரா மாட்டுகிறார்கள். கேமரா அடியைத் தடுக்காது, அடித்தவனைக் காட்டும்.

மேற்படிப்புக் கவுன்சலிங் முடிந்ததும் டாக்டர்கள் ஒரே வாரத்தில் ரிலீவ் ஆவார்கள், ஒரு வட்டாரத்தில் மூன்று நிலையம் ஒன்றாகக் காலியாகும். இது எதிர்பாராத விபத்துபோல் ஒவ்வோர் ஆண்டும் நடக்கிறது. நீட் பி.ஜி. தேர்வுக்கு யார் யார் விண்ணப்பித்திருக்கிறார்கள் என்று வட்டார மருத்துவ அலுவலருக்குத் தெரியும், ஏனென்றால் பணிச் சான்றிதழில் கையெழுத்துப் போடுபவரே அவர்தான். கையெழுத்திட்ட அன்றே ஒரு தாளில் பெயர், நிலையம், மொத்தப் பணியாண்டு எழுதி மாவட்ட சுகாதார அலுவலருக்கு அனுப்பலாம். மாவட்டம் அந்தப் பட்டியலை வைத்து, போகக்கூடியவர்களில் பாதிப் பேர் போவார்கள் என்று கொண்டு, மாற்று டாக்டரின் பெயரைக் கவுன்சலிங்குக்கு முன்பே கேட்டு வாங்கலாம். புதியவர் வந்து ஒரு வாரம் பழையவரோடு சேர்ந்து புறநோயாளி பார்த்து, சர்க்கரை, ரத்தக் கொதிப்பு நோயாளிகளின் பதிவேட்டையும், அந்த மாதம் பிரசவத் தேதி உள்ள தாய்மார்களின் பட்டியலையும், கிராம சுகாதார செவிலியர்களின் போன் எண்களையும் வாங்கிக்கொண்ட பிறகுதான் பழையவரை ரிலீவ் செய்ய வேண்டும்.